ஒரு கண்ணை மூடிக்கோ, தம்பி



மலேசியாவில் வளர்ந்த நாம் எல்லாரும் அடிக்கடி கேட்கிற வார்த்தை ஒன்று இருக்கிறது: "பாஸ், குளோஸ் ஒன் ஐ லா!" வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியவர் சொல்வார். அசைன்மெண்ட்டை ஒரு நாள் தாமதமாகக் கொண்டுவந்த மாணவர் சொல்வார். நானே சொல்லியிருக்கிறேன். மலாயில் "துத்துப் செபெலா மாத்தா" என்கிறோம். என் சீன நண்பனிடம் கேட்டேன். அவர்கள் மொழியிலும் "ஒரு கண்ணைத் திற, ஒரு கண்ணை மூடு" என்று வழக்கு இருக்கிறதாம். தமிழில் "கண்டும் காணாத மாதிரி இரு" என்கிறோம். வெள்ளைக்காரர்கள் ஆங்கிலத்தில் இதையே "டர்ன் எ பிளைண்ட் ஐ" என்பார்கள். அதாவது, பார்வை இல்லாத கண்ணை அந்தப் பக்கம் திருப்புவது.

நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். மொழி ஆராய்ச்சி எனக்குத் தெரிந்த துறை இல்லை. ஆனால் இந்த வருஷம் தொழிற்பயிற்சிக்குப் போன இடத்தில் இந்த வார்த்தை என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடாமல் செய்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த ஆங்கில வழக்கின் கதையைச் சொல்லிவிடுகிறேன். சுவாரசியமான கதை.

1801 ஏப்ரல் 2-ஆம் தேதி. டென்மார்க்கின் கோபன்ஹேகன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கப்பல் படைக்கும் டென்மார்க் படைக்கும் கடுமையான சண்டை. முன்னால் நின்று சண்டை போட்டவர் நெல்சன். அவருக்கு மேலதிகாரி ஹைட் பார்க்கர், தூரத்தில் இன்னொரு கப்பலில் இருந்தார். நிலைமை மோசமாகப் போகிறது என்று நினைத்த பார்க்கர், சண்டையை நிறுத்தச் சொல்லி 39-ஆம் எண் கொடியை ஏற்றினார். நெல்சனுக்கு அதற்கு ஏழு வருஷம் முன்பே, 1794-இல் கோர்சிகா தீவில் நடந்த சண்டையில், வலது கண் பார்வை போயிருந்தது. "எனக்கு ஒரு கண்தானே, சில நேரம் குருடாக இருக்க எனக்கு உரிமை உண்டு" என்கிற பொருளில் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, தொலைநோக்கியைப் பார்வை இல்லாத கண்ணில் வைத்து, "உண்மையிலேயே எனக்குக் கொடி தெரியவில்லை" என்றாராம். சண்டை தொடர்ந்தது. நெல்சன் ஜெயித்தார். கொஞ்ச நாளில் பார்க்கரைத் திரும்ப அழைத்துக்கொண்டு, அவர் பதவியை நெல்சனிடம் கொடுத்தார்கள்.

தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தது நிஜமா, பிறகு சேர்த்த மசாலாவா என்று வரலாற்று ஆசிரியர்களுக்கே சந்தேகம் உண்டு. இந்தச் சொல்வழக்கும் நெல்சன் பிறப்பதற்கு முன்னாலேயே, 1698-லேயே, இருந்ததாக ஆக்ஸ்ஃபர்ட் அகராதி பதிவு செய்கிறது. ஆனாலும் இன்று இந்த வார்த்தையைச் சொன்னால் நெல்சன் பெயர்தான் வருகிறது. கதையில் அவர் ஹீரோ.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதில் ஹீரோ யாரும் இல்லை.

நான் பயிற்சிக்குப் போனது ஓர் அடுக்குமாடிக் கட்டுமான இடம். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் நம்ம தமிழர், நாற்பது வயது இருக்கும். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். முதல் நாளிலிருந்து என்னைத் தம்பி மாதிரி பார்த்துக்கொண்டார். காலையில் போனதும் "பசியாறிட்டியா?" என்றுதான் கேட்பார். பாதுகாப்புக் காலணி வாங்க என்னிடம் காசு பத்தாதபோது அவரே வாங்கிக் கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் ரெண்டு வருஷம் படித்ததை விட அவரிடம் ரெண்டு மாதத்தில் அதிகம் கற்றுக்கொண்டேன். இது மிகைப்படுத்தல் இல்லை.

கான்கிரீட் லோரி வந்ததும் அதைச் சோதிப்பது என் வேலை. ஸ்லம்ப் டெஸ்ட் என்பார்கள். 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பில் கான்கிரீட்டை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 தடவை குத்தி, கூம்பைத் தூக்கினால், கான்கிரீட் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். ரொம்ப இறங்கினால் தண்ணீர் அதிகம். ரொம்பக் கம்மியாக இறங்கினால் ஊற்ற முடியாது. அதோடு 150 மில்லிமீட்டர் கனசதுர அச்சுகளிலும் கான்கிரீட் எடுத்து வைப்போம். ஏழாம் நாளும் 28-ஆம் நாளும் அவற்றை மெஷினில் நசுக்கி, எவ்வளவு பலம் என்று பார்ப்பார்கள்.

ஒரு வியாழக்கிழமை மூன்றாம் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றினோம். ஒரு லோரி ஜாமில் மாட்டி லேட்டாக வந்தது. சோதித்தேன், 80 மில்லிமீட்டர், சரியாக இருந்தது. அச்சுகளிலும் நிரப்பினேன். அதற்குப் பிறகு பம்ப் பழுதாகிவிட்டது. லோரி வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. கான்கிரீட் இறுக ஆரம்பித்தது. பம்ப் சரியானபோது அது குழாயில் போகவே மாட்டேன் என்றது. லோரி ஓட்டுநர் அங்கிள் ஒன்றும் பேசாமல் குழாயை எடுத்து டிரம்முக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டார். எவ்வளவு ஊற்றினார் என்று யாரும் அளக்கவில்லை.

படித்தவனுக்கு இது என்ன என்று தெரியும். சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்கிற விகிதம்தான் கான்கிரீட்டின் பலத்தைத் தீர்மானிக்கும். 1918-லேயே டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்கர் இதை எழுதிவைத்துவிட்டார். தண்ணீர் கூடினால் பலம் குறையும். கூடுதல் தண்ணீர் பிறகு ஆவியாகப் போய், உள்ளே நுண்ணிய ஓட்டைகளை விட்டுப்போகும். அப்படி இறுகிய கான்கிரீட்டுக்கு அதற்கென்று இருக்கிற ரசாயனத்தை முறைப்படி சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் லோரியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், நான் எடுத்த சாம்பிள் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் எடுத்தது. 28 நாள் கழித்து அந்தக் கட்டிகள் சோதனையில் ஜோராகப் பாஸ் ஆகும். தளத்தில் இருப்பது வேறு கான்கிரீட். காகிதம் சுத்தமாக இருக்கும்.

லோரியோடு வரும் டெலிவரி தாளில் "சைட்டில் சேர்த்த தண்ணீர்" என்று ஒரு கட்டம் இருக்கும். பேனாவோடு அண்ணனைப் பார்த்தேன். அவர் என் தோளில் கை போட்டார்.

"தம்பி, ஒரு கண்ணை மூடிக்கோடா. லோரியத் திருப்பி அனுப்புனா அங்கிளுக்கு இந்த ட்ரிப் காசு போச்சு. கொஞ்சந்தான் ஊத்துனாரு. எத்தனை சைட்டு பாத்திருக்கேன், ஒண்ணும் ஆவாது."

நான் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். கோடு என்றால் "இல்லை" என்று அர்த்தம். போட்டு முடிக்க ஒரு வினாடிகூட ஆகவில்லை.

அன்றைக்கு எனக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால், பெருமையாகக்கூட இருந்தது. அங்கிளைக் காப்பாற்றிவிட்டேன், அண்ணனுக்கு மரியாதை கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் ஊர்க் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு நான் சமய வகுப்பு எடுக்கிறேன். அந்த வாரம் பாரதத்தில் சூதாட்டச் சபை. பாஞ்சாலியை இழுத்து வந்த கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான்காம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் கை தூக்கினான்.

"அண்ணா, பீஷ்மரு பாத்தாருல்ல?"

"பாத்தாரு."

"துரோணரு?"

"அவரும் பாத்தாரு."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தாங்க? அவங்க நல்லவங்கன்னுதானே போன வாரம் சொன்னீங்க?"

வழக்கமாகச் சொல்கிற பதில் என்னிடம் இருந்தது. சோற்றுக் கடன், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர், தர்மம் நுட்பமானது என்றெல்லாம் சொல்லலாம். சொல்ல வாயைத் திறந்தேன். "ஒரு கண்ணை மூடிக்கோடா" என்ற அண்ணனின் குரல்தான் காதில் கேட்டது. எனக்கும் காலணி வாங்கிக் கொடுத்த கடன் இருந்ததே! "அடுத்த வாரம் சொல்றேன்" என்று சமாளித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தச் சபையை நினைத்துப் பாருங்கள். அங்கே நிஜமாகவே கண் தெரியாதவர் திருதராஷ்டிரன். மற்ற எல்லாருக்கும் கண் நன்றாகத் தெரிந்தது. விதுரர் கண்டித்தார். கௌரவர்களில் விகர்ணன் என்ற ஒரு தம்பி எழுந்து "இது தப்பு" என்றான். கர்ணன் அவனைச் சின்னப் பையன் என்று அடக்கிவிட்டான். பெரிய வீரர்கள் பேசாமல் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பாட்டியிடம் நடந்ததைச் சொன்னேன். பாட்டி சின்ன வயதிலிருந்து தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் சொன்னார்: "எங்க காலத்துல பாலை நிறுக்கும்போது கிராணி கொறைச்சு எழுதுவாரு. தண்டல் பக்கத்துலதான் நிப்பாரு. நம்ம ஆளுதான். நல்ல மனுஷன், கல்யாணம் கருமாதின்னா மொத ஆளா வருவாரு. ஆனா அங்க மட்டும் வேற பக்கம் பாப்பாரு. தம்பி, அவரு கண்ண மூடல. வாயத்தான் மூடுனாரு."

இதற்குப் பிறகுதான் அந்த வார்த்தையை உடைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு கண்ணை மூடு என்றால், இன்னொரு கண் திறந்திருக்கிறது என்று அந்த வார்த்தையே ஒப்புக்கொள்கிறது. "எனக்குத் தெரியாது" என்பவன் அறியாமையில் இருக்கிறான், அவனுக்குக் கற்றுக்கொடுக்கலாம். ஒரு கண்ணை மூடியவனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று தனக்குத் தானே ஒரு லைசென்ஸ் எழுதிக்கொள்கிறான். அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லாத் தப்பையும் பிடித்துப் போட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? இப்படிக் கேட்டால் நியாயம்தான். அப்படி ஒரு ஆள் வீட்டில் இருந்தால் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. தங்கச்சி கோபத்தில் ஒரு வார்த்தை சொன்னால் கேட்காத மாதிரி போகிறோம். நண்பன் வாங்கிய பத்து வெள்ளியை மறந்துவிட்டால் நாமும் மறந்துவிடுகிறோம். வகுப்புக்குத் தாமதமாக வந்த பிள்ளையை, அவன் வீட்டுக் கஷ்டம் தெரிந்து, ஒன்றும் சொல்லாமல் உட்காரச் சொல்கிறோம். இதையும் "குளோஸ் ஒன் ஐ" என்றுதான் சொல்கிறோம். இது தப்பா?

இதற்கு நம்மிடம் நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது: கண்ணோட்டம். இன்று அதை "அபிப்பிராயம்" என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். திருவள்ளுவர் அந்தப் பெயரில் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். அங்கே அதற்குப் பொருள் இரக்கத்தோடு பார்ப்பது, பழகியவர் குறையைப் பொறுத்துப் போவது. பழகியவர் நஞ்சை ஊற்றிக் கொடுத்தால்கூடக் குடித்துவிட்டுப் பொறுத்துப்போவார்கள் என்கிற அளவுக்குப் போகிறார். ஆனால் அதே அதிகாரத்தில் அவர் ஒரு நிபந்தனையும் வைக்கிறார். தன் கடமை கெடாமல் கண்ணோட்டம் காட்டத் தெரிந்தவருக்கே இந்த உலகம் உரியது என்கிறார்.

இந்த ரெண்டையும் சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. நண்பன் கொடுத்த நஞ்சை நான் குடிக்கலாம். என் வயிறு, என் முடிவு. அதை வாங்கிப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடிக்கக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. தங்கச்சி என்னைத் திட்டினால் காயம் எனக்கு, மன்னிக்கிற உரிமையும் எனக்கு. மூன்றாம் மாடித் தளத்தில் நாளைக்குக் குடிவரப் போகிறவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் பெயரில் நான் எப்படி மன்னிக்க முடியும்? அண்ணன் என்னிடம் கேட்டது கண்ணோட்டம் மாதிரி இருந்தது. ஆனால் அதற்கான விலையை நானும் கொடுக்கவில்லை, அண்ணனும் கொடுக்கவில்லை.

நெல்சன் விஷயத்திலும் இதுதான் வித்தியாசம். சண்டை போடலாமா வேண்டாமா என்பது தனிக் கேள்வி, அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அவர் கண்ணை மூடியது தனக்கு மேலே இருந்தவரின் கட்டளைக்கு. தோற்றிருந்தால் கட்டளையை மீறிய குற்றம் அவர் தலையில்தான் விழும். அது அவருக்குத் தெரியும். நாம் மூடுகிற கண் அப்படி இல்லை. ஏதாவது ஆனால் விழப்போவது வேறு யாரோ ஒருவர் தலையில்.

இதை நான் வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. 1993 டிசம்பர் 11-ஆம் தேதி, சிலாங்கூர் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் இடிந்து விழுந்தது. 12 மாடி. 48 பேர் இறந்துபோனார்கள். நாங்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை, ஆனால் மலேசியாவில் சிவில் படிப்பவர்கள் இந்தப் பாடத்தைத் தாண்டாமல் போக முடியாது. பின்னால் இருந்த குன்றின் சரிவு, அதைத் தாங்க வேண்டிய தடுப்புச் சுவர்கள், மழைத்தண்ணீரை வெளியே கொண்டுபோக வேண்டிய வடிகால், இதெல்லாம் சரியாக இல்லை. நாள்கணக்கில் மழை பெய்து மண் சரிந்தது, கட்டடத்தின் அடித்தளத்தையும் தள்ளிவிட்டது. இந்த வழக்கில் 2000-ஆம் ஆண்டு வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பில் ஒரு விவரம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட வடிகால் வேலையில் பத்து சதவீதம்தான் முடிந்திருந்த நிலையில், வேலை முடிந்துவிட்டது என்று அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இதை முதல் வருஷத்தில் படித்தபோது, "எப்படி இப்படி ஒரு பொய்யை எழுத மனசு வந்தது?" என்று கோபப்பட்டேன். இப்போது எனக்குத் தெரியும். ஒரு கோடு போடுகிற அளவுக்குத்தான் நேரம் ஆகும். பக்கத்தில் ஒரு நல்ல மனிதர் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பார். நான் போட்ட கோட்டையும் அந்த விபத்தையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ரெண்டும் ஒரே பாதையில் இருக்கின்றன என்று மட்டும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் அண்ணனிடம் போனேன். முதுகுக்குப் பின்னால் போய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"அண்ணே, வியாழக்கிழமை தாளைத் திருத்தணும். இன்ஜினியர்கிட்ட சொல்லப் போறேன். கோடு போட்டது நான்தான்னும் சொல்லிடுறேன்."

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்கு மூணு மாசத்துல போயிடலாம். எனக்கு இதுதான் பொழப்பு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்று வரைக்கும் இல்லை.

பொறியாளர் கோபப்படவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு லோரியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இன்றைக்கு அது கட்டடத்துக்குள் இருக்கிறது." நான் நான்கு நாள் மூடிய கண்ணின் விலை அதுதான்.

பிறகு அந்த இடத்தில் சுத்தியல் மாதிரி ஒரு கருவியால் தட்டிச் சோதித்தார்கள். சில இடங்களில் துளை போட்டு உருளை மாதிரி கான்கிரீட்டை எடுத்து நசுக்கிப் பார்த்தார்கள். பலம் குறைந்திருந்தது, ஆனால் ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவுக்குள் இருந்தது. தளத்தை இடிக்க வேண்டியிருக்கவில்லை. "பாத்தியா? நான்தான் சொன்னேன்ல, ஒண்ணும் ஆவாதுன்னு" என்றார் அண்ணன். அவர் சொன்னது சரியாகத்தான் ஆனது. ஆனால் சோதித்துப் பார்க்கும்வரை அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதிர்ஷ்டத்தை அனுபவம் என்று நினைத்துக்கொள்வதுதான் இதில் பெரிய ஆபத்து.

அதன் பிறகு அண்ணன் என்னை வேலையில் ஒன்றும் குறை வைக்கவில்லை. ஆனால் "பசியாறிட்டியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். லோரி அங்கிளை நான் மறுபடி பார்க்கவில்லை. வேறு இடத்துக்கு அனுப்பினார்களா, வேலையே போய்விட்டதா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் செய்தது சரி என்றுதான் நம்புகிறேன். சரியானதைச் செய்தால் மனசு லேசாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் ஒரு ட்ரிப் காசோடு போயிருக்கும். அந்தக் காசைக்கூட நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அங்கிளிடம் கொடுத்திருக்கலாம். அதுதான் உண்மையான கண்ணோட்டமாக இருந்திருக்கும். இரக்கம் காட்ட வேண்டுமென்றால் நம்ம பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனிடம் பதில் சொன்னேன். "பீஷ்மர் நல்லவருதான். ஆனா நல்லவங்களும் பயப்படுவாங்க, கடன்பட்டவங்களுக்காகப் பேசாம இருப்பாங்க. அப்படி இருந்தா அது தப்புதான். அண்ணாகூட ஒரு தடவை அப்படி இருந்திருக்கேன்" என்றேன். அவன் கேட்ட அடுத்த கேள்வி, "அப்ப, விகர்ணன் ஜெயிச்சானா?" இல்லை என்றேன். அவன் பேச்சை யாரும் கேட்கவில்லை. அவனும் கடைசியில் அண்ணன் பக்கமே நின்று போரில் இறந்துபோனான். ஆனால் இத்தனை காலம் கழித்தும் அந்தச் சபையில் ஒரு பையன் எழுந்து நின்றான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் ஒருவர் கணக்காளராக இருப்பார், ஒருவர் தாதியாக, ஒருவர் ஆசிரியராக, ஒருவர் கோயில் நிர்வாகத்தில் இருப்பார். எல்லாரிடமும் யாராவது அன்பாக வந்து, "ஒரு கண்ணை மூடிக்கோ" என்று கேட்கத்தான் போகிறார்கள். அப்போது ஒரே ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுக்கொள்வோம்: இதற்கு விலை கொடுக்கப் போவது யார்? "நான்தான்" என்பது பதிலாக இருந்தால் தாராளமாக மூடலாம், அது பெருந்தன்மை. பதில் வேறு ஒருவராக இருந்தால், அதுவும் அந்த இடத்தில் இல்லாத ஒருவராக இருந்தால், அவருக்காகப் பார்க்கத்தான் நம்மை அங்கே நிற்க வைத்திருக்கிறார்கள்.

கோயிலுக்குப் போனால் நாம் முதலில் செய்வது தரிசனம். தரிசனம் என்றாலே பார்ப்பதுதான். அங்கே கண்ணைத் திறந்து பழகுகிறோம். வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் இருக்கட்டும்.

சிந்திப்போம்.